இறைச்சிக்கூட வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவிடமிருந்து உடம்பைக் காப்பது எப்படி?

இறைச்சிக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாளே கத்தியைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள். வழுக்கும் தரை, தலைக்கு மேல் ஓடும் கொக்கிகள், விரலை இழுத்துக்கொள்ளும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி எச்சரிப்பார்கள். விலங்கின் தோலிலும் மூக்கிலும் குடலிலும் இருந்து நம் கைக்கு வந்து சேரும் பாக்டீரியாவைப் பற்றி மட்டும் பெரும்பாலும் பேச்சே எழாது. அவற்றில் ஒரு பகுதி, டாக்டர்கள் வழக்கமாக எழுதிக்கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்காதவை. சில நாளில் தானாக ஆறிவிட வேண்டிய விரல் வெட்டு, அப்படி ஒன்று உள்ளே போய்விட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். சில சமயம் ஆஸ்பத்திரிப் படுக்கை வரை கொண்டுபோகும்.

இந்த வேலையை ஆண்டுக்கணக்கில் நோய்நொடி இல்லாமல் செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பவை சின்னச் சின்னப் பழக்கங்கள்தான். ஆனால் அவை முதல் வாரத்திலேயே கைவர வேண்டும். ஏன் முதல் வாரம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பண்ணை விலங்குகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது நோயைக் குணப்படுத்த மட்டும் இல்லை. நோய் வராமல் தடுக்கவும், சீக்கிரம் எடை கூடவும் கொடுத்து வந்திருக்கிறார்கள். எடைக்காகக் கொடுக்கும் பழக்கம் 1950 வாக்கில் அமெரிக்காவில் தொடங்கியது. டெட்ராசைக்ளின் வகை மருந்து தயாரித்தபின் மிஞ்சிய கழிவைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் கோழிக்குஞ்சுகள் வேகமாக வளர்வதைக் கண்டார்கள். அப்புறம் அது உலகம் முழுக்கப் பரவியது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் தவறாமல், கூட்டம் கூட்டமாக இருக்கும் விலங்குகளுக்கு மருந்து போனால் என்ன ஆகும்? மருந்தைத் தாங்க முடியாத பாக்டீரியா செத்துப்போகும். தாங்கியவை பெருகி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இது விலங்கோடு நிற்பதில்லை என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் லெவி 1976-இல் காட்டிவிட்டார். ஒரு பண்ணையில் சுமார் 300 கோழிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதிக்கு மட்டும் டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் அந்தக் கோழிகளின் குடலில் இருந்த பாக்டீரியா ஏறக்குறைய முழுவதும் அந்த மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிட்டன. அரை ஆண்டுக்குள், மருந்தே சாப்பிடாத பண்ணைக் குடும்பத்தாரின் மலத்திலும் அதே போன்ற பாக்டீரியா பெருகியிருந்தன. அக்கம்பக்கத்தாரிடம் அந்த அளவு இல்லை. கோழியோடு பழகியவர்களுக்கே அது போய்ச் சேர்ந்திருந்தது.

ஸ்வீடன் 1986-இலேயே எடைக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் தடை செய்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை எடைக்காகக் கொடுப்பது அமெரிக்காவில் 2017-இல் நின்றது. தடை வந்த இடங்களிலும் நோய்க்குச் சிகிச்சையாகக் கொடுப்பது தொடர்கிறது, தொடரத்தான் வேண்டும். அதனால் உங்கள் முன்னால் வந்து நிற்கும் விலங்கு எந்தப் பண்ணையிலிருந்து வந்தாலும், அதன் மேல் என்ன சான்று ஒட்டியிருந்தாலும், ஒரே மாதிரி கவனத்தோடு கையாளுங்கள். பார்த்த மாத்திரத்தில் எந்த விலங்கு எதைச் சுமக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருக்கும் விலங்கும் சுமக்கும்.

புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் குழப்பம் ஒன்று உண்டு. இறைச்சியில் மருந்து மிச்சம் இருப்பது வேறு, மருந்துக்கு அடங்காத பாக்டீரியா இருப்பது வேறு. கடைசியாக மருந்து கொடுத்து இத்தனை நாள் கழித்துத்தான் வெட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நாட்கள் கழிந்தால் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும். பாக்டீரியா அப்படிப் போகாது, அங்கேயே இருக்கும்.

இன்னொன்று, மருந்துக்கு அடங்காது என்பதால் அது சோப்புக்கும் சூட்டுக்கும் அடங்காது என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற பாக்டீரியா எந்தச் சூட்டில் சாகுமோ அதே சூட்டில் இதுவும் சாகும். நன்றாகத் தேய்த்துக் கழுவினால் கையை விட்டுப் போய்விடும். நமக்குச் சாதகமான விஷயம் இதுதான். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதை நம்பித்தான் நிற்கிறது.

எந்தெந்தப் பாக்டீரியா?

எல்லாப் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. டாக்டரிடம் பேசும்போது உதவும் சில பெயர்கள் போதும்.

முதலாவது எம்.ஆர்.எஸ்.ஏ. மனிதத் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, மெதிசிலினுக்கும் பெனிசிலின் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் அடங்காமல் போனால் அதற்கு இந்தப் பெயர். ஆஸ்பத்திரியில் தொற்றும் கிருமி என்றே நெடுங்காலம் இதை நினைத்திருந்தார்கள். 2004 வாக்கில் நெதர்லாந்தில், ஆஸ்பத்திரியோடு தொடர்பே இல்லாத பன்றிப் பண்ணைக் குடும்பங்களிடம் இது தென்பட்டது. தேடிப் பார்த்தால் பன்றிகளிடமே இருந்தது. சி.சி.398 என்று அந்த வகைக்குப் பெயர் வைத்தார்கள். பன்றி, இறைச்சிக்காக வளர்க்கும் கன்று, கோழி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 2012-இல் வெளிவந்த மரபணு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இந்த வகை முதலில் மனிதரிடமிருந்துதான் விலங்குக்குப் போயிருக்கிறது. அங்கே டெட்ராசைக்ளினுக்கும் மெதிசிலினுக்கும் அடங்காத குணத்தைப் பெற்றுக்கொண்டு நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது.

இது மூக்கில் இருந்தாலே நோயாளி ஆகிவிட்டதாக அர்த்தமில்லை. பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சுமந்துகொண்டு திரிவார்கள். தோல் கிழிந்தால், ஆபரேஷன் நடந்தால், உடம்பு பலவீனமானால் அப்போது அது உள்ளே புகுந்துகொள்ளும். சிறிது நேரம் மட்டும் பண்ணைக்குள் போய் வருகிறவர்களில் பெரும்பாலோரின் மூக்கிலிருந்து ஒரு நாளுக்குள் அது மறைந்துவிடுகிறது. தினமும் விலங்கோடு இருப்பவர்களிடம்தான் தங்குகிறது.

அடுத்தது குடலில் வாழ்பவை: கேம்பைலோபேக்டர், சால்மோனெல்லா, இ.கோலை. குடல் எடுக்கும்போது குடல் கிழிந்தால் இவை கத்தி, கை, இறைச்சி எல்லாவற்றிலும் படிந்துவிடும். இவற்றில் இ.கோலைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மருந்தைத் தாங்கும் மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சின்ன வளையத்தில் வைத்துப் பக்கத்திலுள்ள பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும். வேறு எதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். அதற்கு அடங்காத மரபணு இப்படிப் பிளாஸ்மிட்டில் பயணம் செய்வதைச் சீனாவில் கண்டுபிடித்து 2015 நவம்பரில் வெளியிட்டார்கள். பன்றி, கடை இறைச்சி, நோயாளிகள் என்று மூன்று இடத்திலும் அது கிடைத்திருந்தது. சீனா 2017-இல் கோலிஸ்டினைத் தீவனத்தில் எடைக்காகக் கலப்பதை நிறுத்தியது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019-இல் தடை செய்தது.

வேலையில் சேரும் முன்

டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். பத்து ஆண்டு ஆகியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை இந்த ஊசி தடுக்காது. ஆனாலும் கத்தியோடு வேலை செய்கிறவருக்கு இது இல்லாமல் ஆகாது.

கையைப் பாருங்கள். படை, கரப்பான், தோல் வெடிப்பு, நகச்சுற்று எதுவாக இருந்தாலும் அதை ஆற்றிவிட்டுத்தான் விலங்குகள் பக்கம் போக வேண்டும். முழுத்தோல் ஒரு நல்ல சுவர். வெடித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் நூறு இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், ஆனால் சதை தெரிய வெட்ட வேண்டாம். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கையில் கட்டிய கயிறு எதுவும் வேண்டாம். கை கழுவும்போது அவற்றின் அடியில் சோப்பு போகாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் சேரும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். வேலையே கூடாது என்பதில்லை. எந்தப் பிரிவில் வேலை என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளலாம்.

நீங்கள் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தாலும் எல்லாருக்கும் ஒரே ஆபத்து இல்லை. நெதர்லாந்தில் பன்றி இறைச்சிக்கூடங்களில் ஊழியர்களின் மூக்கைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானித்த பெரிய விஷயம், உயிருள்ள பன்றிகளோடு வேலை செய்கிறார்களா என்பதுதான். வண்டியிலிருந்து இறக்குவது, தொழுவத்தில் நிறுத்துவது, ஓட்டிக்கொண்டு வருவது, மயக்கமடையச் செய்வது, இவைதான் அந்த இடங்கள். விலங்கு மிரண்டு உதறும்போது தூசியும் சாணமும் எச்சிலும் காற்றில் கிளம்பும். அது நேரே மூக்குக்கு வரும். அங்கே நின்றால் முகக்கவசம் கட்டாயம். ஈரமானால் முகக்கவசம் வேலை செய்யாது, மாற்றிவிடுங்கள்.

கோழி என்றால், உயிரோடு பிடித்துக் கொக்கியில் மாட்டும் இடத்தைச் சொல்ல வேண்டும். சிறகடித்துக்கொண்டே எச்சமிடும். அது முகத்திலும் உதட்டிலும் தெறிக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு கோழி இறைச்சி ஆலையில் 2008 முதல் 2011 வரை 29 ஊழியர்களுக்குக் கேம்பைலோபேக்டர் தொற்று வந்தது. விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் சேர்ந்து சில வாரமே ஆனவர்கள், பலர் கோழியை உயிரோடு மாட்டும் இடத்தில் நின்றவர்கள் என்று தெரிந்தது. நாள்பட வேலை செய்கிறவர்களின் உடம்பு இந்தக் கிருமிக்கு ஓரளவு பழகிவிடும். புதியவரின் உடம்புக்கு அந்தப் பழக்கம் இல்லை, சில நூறு பாக்டீரியா வயிற்றுக்குள் போனாலே போதும். மேலே முதல் வாரம் என்று சொன்னது இதனால்தான். “நாங்கள் எல்லாம் முகத்தை மூடியா வேலை செய்தோம்?” என்று மூத்தவர் கேட்டால், மரியாதையோடு கேட்டுக்கொண்டு முகக்கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு.

சிறகு பிடுங்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நீர்த்துளி மூடுபனி மாதிரி நிற்கும். முகத்தை அதற்கு நேரே வைத்து நிற்காதீர்கள், கண்ணைக் காக்கும் கண்ணாடி அணியுங்கள். குடல் எடுக்கும் இடத்தில் கையும் கத்தியும் அழுக்காகும். குளிரூட்டிய அறையில் இறைச்சி வெட்டி எலும்பு நீக்கும் இடத்தில் பாக்டீரியா குறைவு, ஆனால் வெட்டுக்காயம் அதிகம். எலும்பின் கூரான முனை கையுறையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வேலை முடிந்தபின் கழுவித் தள்ளுகிறவர்களைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. வேகமாகப் பீய்ச்சும் குழாயால் அடிக்கும்போது தரையில் கிடந்ததெல்லாம் காற்றில் ஏறும். என்னைக் கேட்டால், முகக்கவசமும் முகத்தை மூடும் தடுப்பும் முதலில் கொடுக்க வேண்டியது அவர்களுக்குத்தான்.

கையும் கையுறையும்

கை கழுவுவதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். செய்யும்போது பார்த்தால் ஐந்து விநாடியில் முடிந்துவிடும். முறையாகச் செய்தால் இப்படி: கொழுப்பு இளக வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, குறைந்தது 20 விநாடி தேய்ப்பு. உள்ளங்கையை விட அழுக்கு தங்குவது கட்டைவிரலைச் சுற்றி, விரல் இடுக்கு, நகத்தடி, மணிக்கட்டு. கழுவியபின் காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். பலர் துடைக்கும் ஒரே ஈரத் துணியில் துடைத்தால் கழுவியது வீண்.

பாட்டிலில் வரும் ஆல்கஹால் ஜெல் இங்கே உதவாது. கையில் ரத்தமும் கொழுப்பும் இருக்கும்போது அது பாக்டீரியாவைத் தொடக்கூட முடியாது. கழுவிக் காய்ந்த கையில் போட்டால்தான் பலன்.

கழிப்பறைக்குப் போகும் முன்பும் கழுவுங்கள், போய் வந்த பிறகும் கழுவுங்கள். சாப்பிடும் முன், தண்ணீர் குடிக்கும் முன், முகத்தைத் தொடும் முன், போனை எடுக்கும் முன்பும் அப்படியே. போனை வேலைத்தளத்துக்குள் கொண்டே போகாமல் இருப்பது உத்தமம். உள்ளே ரத்தக் கையோடு தொட்ட போனைத்தான் வீட்டில் குழந்தை வாங்கி வாயில் வைக்கும். வெற்றிலையோ சிகரெட்டோ மென்று தின்னும் வேறெதுவோ, வாய்க்குக் கை போகும் எந்தப் பழக்கமும் வேலைத்தளத்தில் வேண்டாம்.

கையுறை நல்லதுதான். ஆனால் கையுறை போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் மூக்கைச் சொறிகிறவர்களை நிறையப் பார்க்கலாம். வெளிப்புறம் அழுக்கான கையுறை, அழுக்கான கைதான். கத்தி பிடிக்காத கைக்கு இரும்பு வலைக் கையுறை வேண்டும். அது வெட்டைத் தடுக்கும், ஆனால் கண்ணிகள் வழியாக ரத்தம் உள்ளே போகும், கத்தி முனையும் குத்தும். அதனால் தண்ணீர் புகாத நைட்ரைல் கையுறையையும் சேர்த்துப் போட வேண்டும். கிழிந்த கையுறையை அந்த நிமிடமே மாற்றுங்கள். மணிக்கணக்கில் வியர்வையில் ஊறிய கையின் தோல் வெளுத்துச் சுருங்கி, இலேசாக உரசினாலே உரிந்துவிடும். உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டு, இடைவேளையில் அதை மாற்றிக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம். வேலை முடிந்ததும் கைக்கு மணமில்லாத கிரீம் பூசுங்கள். ஒரு நாளில் பலமுறை சோப்பு பட்ட கை வெடிக்காமல் இருக்க இது வேண்டும்.

கத்தியைச் சுத்தம் செய்வதிலும் ஒரு வரிசை உண்டு. பல இறைச்சிக்கூடங்களில் 82 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீர்த்தொட்டி வைத்திருப்பார்கள். ரத்தமும் கொழுப்பும் ஒட்டிய கத்தியை நேரே அதில் முக்கினால், ரத்தம் வெந்து கத்தியிலேயே படலமாக ஒட்டிக்கொள்ளும். பாக்டீரியா அதன் அடியில் பத்திரமாக இருக்கும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள், அப்புறம் சுடுதண்ணீர்த் தொட்டி. இரண்டு கத்தி வைத்துக்கொண்டால் ஒன்று தொட்டியில் இருக்கும்போது இன்னொன்றால் வேலை ஓடும்.

கை வெட்டிக்கொண்டால்

வெட்டிக்கொள்வீர்கள். இந்த வேலையில் அது நடக்கும். அந்த முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

கத்தியைக் கீழே வையுங்கள். வேலை ஓடும் வரிசையை விட்டு வெளியே வாருங்கள். கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவுங்கள். எரியும், பரவாயில்லை, உள்ளே போன அழுக்கு வெளியே வரும்வரை சில நிமிடம் கழுவுங்கள். வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். மஞ்சள், காபித்தூள், சாம்பல் எதையும் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். தண்ணீர் புகாத ஒட்டுக்கட்டு போட்டு, அதன் மேல் புதிய கையுறை போட்ட பிறகே வேலைக்குத் திரும்ப வேண்டும். இறைச்சி ஆலைகளில் நீல நிற ஒட்டுக்கட்டு வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். இறைச்சிக்குள் கழன்று விழுந்தால் அந்த நிறம் கண்ணில் படும். பலவற்றில் மெல்லிய உலோகத் தகடும் இருக்கும், உலோகத்தைக் கண்டறியும் கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எலும்பு முனை குத்திய காயத்தைச் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். நீளமான வெட்டை விட அதுவே மோசம். வாய் சின்னது, ஆழம் அதிகம். ரத்தம் வெளியே வந்து அழுக்கைக் கழுவாது. மேல்தோல் ஒரே நாளில் மூடிக்கொள்ளும், உள்ளே பாக்டீரியா அடைபட்டுவிடும். மூட்டின் மேல் குத்தினாலோ, விரலை மடக்க முடியாவிட்டாலோ, மரத்துப்போனாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.

எந்தக் காயமானாலும் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். தேதி, நேரம், எந்த இடத்தில், எந்த விலங்கு, எதனால் என்று இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கை வீங்கும்போது அந்த ஒரு வரிதான் உங்களுக்குச் சாட்சி.

கழுவுவதும் கிருமிநாசினியும்

சாணமும் கொழுப்பும் இருக்கும் இடத்தில் குளோரினைக் கொட்டினால் குளோரின் அவற்றோடு சண்டை போட்டுத் தீர்ந்துபோகும், பாக்டீரியா தப்பிக்கும். முதலில் வாரி எடுங்கள், சோப்பு நீரால் கழுவுங்கள், அலசுங்கள், கடைசியில் கிருமிநாசினி. பாட்டிலில் எத்தனை நிமிடம் ஊற வேண்டும் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் விடுங்கள். அதிகம் ஊற்றினால் சீக்கிரம் வேலை செய்யும் என்பது தவறான எண்ணம். குளோரினை அமிலத்தோடும் அம்மோனியாவோடும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். மூச்சை அடைக்கும் நச்சுவாயு கிளம்பும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது

வேலை உடை வேலையிடத்திலேயே இருக்கட்டும். அங்கேயே துவைத்துக் கொடுத்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் தனிப் பையில் கட்டி எடுத்துப்போய், மற்றத் துணியோடு சேர்க்காமல் 60 டிகிரி சூட்டில் துவைத்து முழுக்கக் காய வையுங்கள். பூட்ஸ் வேலைத்தளத்தைத் தாண்டக் கூடாது. குளித்துவிட்டுக் கிளம்ப வசதியிருந்தால் குளியுங்கள். இல்லையென்றால் முழங்கை வரை கையும் முகமும் கழுவி, வீட்டுக்குப் போன கையோடு குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். துண்டு, சவரக்கத்தி ஆகியவற்றை வீட்டில் யாரோடும் பகிர வேண்டாம்.

வீட்டில் சமைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: கோழி உட்பட எந்த இறைச்சியும் உள்ளே 74 டிகிரியைத் தொட்டால் இந்தப் பாக்டீரியா பிழைக்காது. பச்சை இறைச்சி பட்ட பலகையில் பச்சையாகச் சாப்பிடுவதை வெட்டாமல் இருந்தால் போதும்.

மேலதிகாரியிடம் கேட்க வேண்டியவை

மேலே சொன்னதில் பாதியைத் தனியாளாக யாராலும் செய்ய முடியாது. கை கழுவும் தொட்டி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முழங்காலாலோ காலாலோ திறக்கும் குழாயாக இருக்க வேண்டும். கையுறை கேட்டால் கணக்குப் பார்க்காமல் கிடைக்க வேண்டும். காயம் பட்டவர் வரிசையை விட்டு வெளியே வந்தால் சம்பளம் பிடிக்கப்படக் கூடாது. வரிசை ஓடும் வேகம் கத்தியைக் கழுவ நேரம் விட வேண்டும். வேகத்தைக் கூட்டிவிட்டுத் தொழிலாளி கை கழுவவில்லை என்று குறை சொல்வது நியாயமே இல்லை. இவற்றைத் தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து, எழுத்தில் கேளுங்கள். நோய் வாய்ப்பட்ட விலங்குகள் எப்போது வருகின்றன என்று முன்கூட்டியே சொல்லும்படியும் கேளுங்கள்.

உடம்புக்கு ஏதாவது வந்தால்

காயம் பட்ட இடம் சிவந்து, சூடாகி, வலி நாளுக்கு நாள் குறைவதற்குப் பதிலாகக் கூடினால் காத்திருக்காதீர்கள். காயமே படாத இடத்தில் பூச்சி கடித்தது போல ஆரம்பித்து, நடுவில் சீழ் கோத்த கட்டியாக மாறுவதும் எம்.ஆர்.எஸ்.ஏ. வழக்கம். பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். மூடி வைத்து டாக்டரிடம் போங்கள். பல கட்டிகளுக்கு மாத்திரையை விட, முறையாகக் கீறிச் சீழை எடுப்பதுதான் முதல் சிகிச்சை.

சில அறிகுறிகளுக்கு அதே மணிநேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காயத்திலிருந்து கைமேல் ஏறும் சிவப்புக் கோடு, அக்குளில் நெறி கட்டுவது, குளிர் காய்ச்சல். விரல் முழுவதும் பருத்து, பாதி மடங்கிய நிலையிலேயே நின்று, நிமிர்த்தினால் உயிர் போகும் வலி என்றால் விரலை மடக்கும் தசைநாணைச் சுற்றியுள்ள உறைக்குள் சீழ் பிடித்திருக்கலாம். ஒரு நாள் தாமதித்தாலும் விரல் நிரந்தரமாக மடங்காமல் போய்விடலாம். பன்றியோடு வேலை செய்கிறவருக்குக் கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்து, காது மந்தமானால் அதுவும் அவசரம்தான்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: “நான் இறைச்சிக்கூடத்தில் வேலை செய்கிறேன், பன்றியைக் கையாள்கிறேன்” அல்லது மாடு, கோழி, எதுவோ அது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. எம்.ஆர்.எஸ்.ஏ. சந்தேகப்பட்டால் டாக்டர்கள் பலர் கையில் எடுக்கும் மாத்திரை டாக்ஸிசைக்ளின். அது டெட்ராசைக்ளின் குடும்பம். விலங்கிடமிருந்து வரும் சி.சி.398 வகை ஏறக்குறைய எப்போதுமே டெட்ராசைக்ளினுக்கு அடங்காதது. உங்கள் வேலை தெரியாத டாக்டர் நல்லெண்ணத்தோடு எழுதும் மருந்து வீணாகப் போகும். நோய் அதற்குள் பரவும். பன்றி அல்லது மீன் குத்திய விரல் ஊதா கலந்த சிவப்பில் வீங்கித் துடிப்பது எரிசிபெலாய்டு என்ற வேறொரு தொற்று. கடும் தொற்றுகளுக்குக் கொடுக்கும் வான்கோமைசின் அதற்கு இயல்பாகவே கேட்காது, சாதாரணப் பெனிசிலின் கேட்கும். தொழிலைச் சொன்னால்தான் டாக்டருக்கு அந்த நினைப்பே வரும்.

சீழை எடுத்தால் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். எந்தப் பாக்டீரியா, எந்த மருந்துக்கு அடங்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரியும். அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த முறை வேறு டாக்டரிடம் போனாலும் உதவும். கட்டி வந்த ஒருவர் குணமாகி வரும்போதே பக்கத்தில் நிற்பவருக்கும் கட்டி வந்தால், நிர்வாகத்துக்கும் டாக்டருக்கும் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் குடித்து, வேலைக்குப் போகாமல் வீட்டில் இருங்கள். கேம்பைலோபேக்டர் பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆன்டிபயாட்டிக் இல்லாமலே அடங்கிவிடும். ரத்தம் போனாலோ, காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ டாக்டரிடம் போங்கள். மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டுக்கொள்வது பலருக்கும் பழக்கம். கோழிகளுக்கு அதே குடும்பத்து மருந்து கொடுத்து வந்ததால் கேம்பைலோபேக்டர் பல இடங்களில் அதற்கு அடங்குவதில்லை. இந்தக் காரணத்தால்தான் அமெரிக்கா 2005-இல் என்ரோஃப்ளாக்சசினைக் கோழிகளுக்குக் கொடுப்பதை நிறுத்தியது. வயிற்றுப்போக்கு நின்று சில வாரத்தில் காலில் பலம் குறைந்து, ஊசி குத்துவது போன்ற மரமரப்பு மேலே ஏறினால் உடனே ஆஸ்பத்திரி. கேம்பைலோபேக்டருக்குப் பின் அபூர்வமாக வரும் நரம்பு நோய் அது.

மிச்சம் வைத்த மாத்திரை, கூட வேலை செய்கிறவர் கொடுத்த மாத்திரை, விலங்குக்கு வாங்கிய ஊசி, எதையும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வேறு எதற்காகவாவது ஆபரேஷன் என்று தேதி குறித்தால், அட்மிஷனுக்கு முன்பே உங்கள் வேலையைச் சொல்லிவிடுங்கள். நெதர்லாந்தில் உயிருள்ள பன்றியோடும் கன்றோடும் பழகுகிறவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எம்.ஆர்.எஸ்.ஏ. பார்ப்பதே நடைமுறை. உங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி வழக்கமில்லாவிட்டாலும் நீங்களே கேட்கலாம். இருப்பது தெரிந்தால் மூக்குக்குக் களிம்பு, குளிக்க மருந்துச் சோப்பு கொடுத்து, ஆபரேஷனின் போது கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கையும் அதற்கேற்ப மாற்றுவார்கள். வேலைக்குத் திரும்பும்போது தையல் போட்ட இடம் முழுக்க ஆறியிருக்க வேண்டும். அதுவரை உயிருள்ள விலங்குகள் இருக்கும் பிரிவுக்கு அனுப்பக் கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி மேலதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.